மக்னோவுக்கு யார் கொடுத்த முகம்?



இந்த அரங்கில் ஓவியமும் வடிவமைப்பும் படிக்கிற மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் கொள்கையிலிருந்து தொடங்காமல் ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். இணையத்தில் உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடிய படம்தான். ஊதா நிற வானம். அடிவானத்தில் குறுக்கே கோடு கோடாய் வெட்டப்பட்ட இளஞ்சிவப்புச் சூரியன். கீழே நியான் கட்டங்கள் போட்ட தரை. நடுவில் கம்பளித் தொப்பி போட்ட, கூர்மையான கண்களை உடைய ஒரு மனிதனின் பழைய புகைப்படம். பழைய வீடியோ கேசட்டில் ஓடுவதுபோல முகம் லேசாக நடுங்குகிறது. சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விளிம்பில் விலகி நிற்கின்றன. பின்னால் குதிரைகள் பூட்டிய வண்டி, அதில் இயந்திரத் துப்பாக்கி. மேலே மண்டையோடு வரைந்த கறுப்புக் கொடி.

அந்த மனிதன் நெஸ்தோர் மக்னோ, உக்ரைன் நாட்டு விவசாயி. அரசே வேண்டாம் என்று சொன்ன அனார்க்கிஸ்டு; நாம் அரசின்மைவாதி என்று சொல்லலாம். இந்தப் பாணியை மக்னோவேவ் என்று அழைக்கிறவர்கள் உண்டு. படம் அழகாக இருக்கிறது, அதை நான் மறுக்கப் போவதில்லை. அந்தப் படத்தில் இருக்கும் பொருட்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன என்று உங்களோடு சேர்ந்து தேடிப் பார்க்கவே வந்திருக்கிறேன். தேடும்போது ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. மக்னோவை நேசிக்கிறவர்கள் வரைகிற இந்தப் படங்களில் பல உறுப்புகள் மக்னோவை அழிக்க நினைத்தவர்கள் தயாரித்தவை.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1888 நவம்பரில் தென்கிழக்கு உக்ரைனின் ஹுலியாய்போலே என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். ஏழு வயதில் மாடு மேய்க்கப் போனார், பிறகு பண்ணையார் நிலங்களில் கூலி வேலை, பிறகு வார்ப்புப் பட்டறை. 1905 ரஷ்யப் புரட்சி அடங்கியபோது உள்ளூர் அரசின்மைவாதக் குழுவில் சேர்ந்தார். 1910-இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். வயது குறைவு என்பதால் அது ஆயுள் கடுங்காவலாக மாறியது. மாஸ்கோவின் புதிர்கா சிறையில் கையிலும் காலிலும் விலங்கோடு கிடந்தார். காசநோய் அங்கேதான் வந்தது. படிப்பும் அங்கேதான் வந்தது: பீட்டர் ஆர்ஷினோவ் என்ற தொழிலாளி, சக கைதி, அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

1917 புரட்சி சிறைக் கதவைத் திறந்தது. ஊருக்குத் திரும்பியவர் விவசாயிகள் சங்கத்தின் தலைவரானார், நிலத்தைப் பங்கிட்டார். அடுத்த ஆண்டு ஆஸ்திரிய-ஜெர்மன் படைகள் உக்ரைனுக்குள் வந்தன. அதிலிருந்து 1921 ஆகஸ்டு வரை அவர் சண்டை போடாத எதிரி கிடையாது: அந்நியப் படை, பண்ணையார்கள், உக்ரைனியத் தேசியவாத அரசு, புரட்சியை எதிர்த்த டெனிக்கினின் வெண்படை, விராங்கெலின் வெண்படை. மாஸ்கோவிலிருந்து ஆண்ட போல்ஷெவிக்குகளின் செம்படையோடு கூட்டுச் சேர்ந்ததும் உண்டு, அதே செம்படை துரத்தியதும் உண்டு. 1920 நவம்பரில் கிரீமியாவுக்குள் நுழைய மக்னோவின் ஆட்கள் சிவாஷ் உப்பங்கழியைக் கடந்து செம்படைக்கு வழிவிட்டார்கள். வெற்றி கைக்கு வந்த அதே மாதம் 26-ஆம் தேதி செம்படை அவர்கள்மீது பாய்ந்தது. கடைசியில் காயங்களோடு திரும்பிப் பார்த்தபடியே நீஸ்தர் ஆற்றைக் கடந்து ருமேனியாவுக்குள் போனார். போலந்துச் சிறை, பெர்லின், பிறகு பாரிஸ். 1934 ஜூலையில் காசநோயால் இறந்தார். பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், தகனச் சாம்பல் வைக்கும் சுவரில் அவருக்கு ஒரு மாடம் இருக்கிறது.

இனி அந்த ஊதா வானத்துக்கு வருவோம்.

அந்த வானம் வந்த வேப்பர்வேவ் என்கிற பாணி 2010-ஐ ஒட்டித் தொடங்கியது. முதலில் அது இசை. இசைக்கலைஞர் டேனியல் லோபாட்டின் 1980களின் பாப் பாடல் துணுக்குகளை எடுத்து, வேகத்தைக் குறைத்து, எதிரொலி சேர்த்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார். 2011-இல் மெக்கின்டாஷ் பிளஸ் என்ற பெயரில் வந்த ‘ஃப்ளோரல் ஷாப்’ தொகுப்பின் அட்டைதான் அந்தப் பாணிக்கு முகம் தந்தது: இளஞ்சிவப்புப் பின்னணி, கட்டம் போட்ட தரை, கிரேக்கச் சிலையின் தலை, ஜப்பானிய எழுத்து, நகரத்துக் கட்டடங்கள். அங்காடி வளாகம், பழைய கணினித் திரை, விளம்பர இசை என்று ஒரு காலம் மக்களுக்கு வாக்குக் கொடுத்த செல்வச் செழிப்பான எதிர்காலம் வரவே இல்லை. வராத அந்த எதிர்காலத்துக்கு இரங்கல் பாடுகிற கலை அது. அதனால்தான் அதில் எல்லாமே மெதுவாக, மங்கலாக, தேய்ந்துபோன நாடாவில் பதிந்ததுபோல இருக்கும்.

இந்தப் பாணிக்குள் அரசியல் நுழைய வெகுநாள் ஆகவில்லை. சோவியத் நினைவுச் சின்னங்களை வைத்து லேபர்வேவ் வந்தது. வராத எதிர்காலங்களில் அங்காடி வளாகத்தோடு பொதுவுடைமையையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பதில் சொல்வதுபோல மக்னோ வந்தார். ஏன் மக்னோ? சோவியத் சின்னங்களுக்குப் பின்னால் ஒரு அரசு நின்றது, சிறை முகாம்கள் நின்றன. மக்னோவுக்குப் பின்னால் நின்றது மூன்றாண்டு மட்டுமே வாழ்ந்த ஒரு வாய்ப்பு. முழுதாக வாழ்ந்து கெட்டுப்போகவும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நிறைவேறாததை நினைத்து ஏங்கும் கலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த இளைஞர்களின் உள்ளுணர்வை நான் மதிக்கிறேன்.

இப்போது கொடி. கறுப்புத் துணி, மண்டையோடு, குறுக்கே எலும்புகள், உழைக்கும் மக்களின் விடுதலைக்குத் தடையாய் நிற்பவர்க்கெல்லாம் மரணம் என்ற பொருள்பட உக்ரைனிய மொழியில் வாசகம். மக்னோ என்று தேடினால் முதலில் வருகிற படங்களில் ஒன்று. சட்டையில் அச்சடிக்கிறார்கள், ஒட்டுப்படமாக விற்கிறார்கள், நியானில் வரைகிறார்கள்.

இந்தக் கொடியின் புகைப்படம் 1926-இல் மாஸ்கோவில் வெளியான ஒரு நூலில் மக்னோவின் படையுடையது என்ற குறிப்போடு அச்சானது. நூலாசிரியர் ஆஸ்த்ரோவ்ஸ்கி. நூலின் பொருள் 1918 முதல் 1921 வரை நடந்த யூதப் படுகொலைகள். அதாவது, மக்னோவை யூதர்களைக் கொன்ற கொள்ளைக்காரனாகக் காட்டுவதற்குச் சான்றாக அந்தக் கொடி அங்கே வைக்கப்பட்டது. பாரிஸில் நாடுகடந்து வாழ்ந்த மக்னோ 1927-இல் ரஷ்ய மொழி அரசின்மைவாத இதழான ‘தேலோ த்ருதா’வில் இதற்கு எழுத்தில் பதில் சொன்னார். அந்தப் படத்தில் இருப்பவர்கள் எங்கள் ஆட்களே அல்ல என்று மறுத்தார். அது வேறொரு ஆயுதக் குழுவின் கொடி என்பதுதான் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பலரின் முடிவும்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். பணமில்லாமல், நோயோடு, அந்நிய ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தன்மீது சுமத்தப்பட்ட ஒரு படத்தை மறுத்து எழுதுகிறார். அவருடைய படையில் யூதத் தோழர்கள் இருந்தார்கள். யூதப் படுகொலைகள் நடத்திய கிரிகோரியேவ் என்ற தளபதி 1919 ஜூலையில் மக்னோவின் ஆட்களால் பொதுக்கூட்டத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். இத்தனையும் சொல்லிப் பார்த்தார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அவரை நேசிக்கிறோம் என்று சொல்கிற பிள்ளைகள் அவர் மறுத்த அதே கொடியை அவர் தலைக்குமேல் ஏற்றுகிறார்கள். குற்றப்பத்திரிகையில் இணைத்த படம் வீரவணக்கப் படமாகிவிட்டது.

கொடி மட்டும்தானா? அதே 1926-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜோசஃப் கெஸ்ஸெல் மக்னோவை ரத்தவெறியனாகச் சித்திரித்து ஒரு கதை வெளியிட்டார். அதற்கும் முன்பே, 1923-இல், பெரெஸ்தியானி இயக்கிய ‘சிவப்புச் சாத்தான் குட்டிகள்’ என்ற சோவியத் மௌனப்படம் வந்தது. மூன்று இளம் சாகசக்காரர்கள் கொள்ளைத் தலைவன் மக்னோவைப் பிடித்துக்கொண்டு வருகிற கதை. உயிரோடு இருக்கும் மக்னோவைத் திரையில் முதலில் பதித்தவர்கள் அவரைத் தோற்கடித்தவர்கள். பாய்ந்து செல்லும் குதிரைகள், புழுதி, முறைத்த கண்கள், காட்டுத்தனம் என்ற அந்த உருவம் அங்கேதான் கெட்டிப்பட்டது. பிற்காலச் சோவியத் படங்கள் அதையே பெருக்கின. இன்று ஊதா வானத்தின் கீழே ஓடும் குதிரைகளின் வம்சாவளியைத் தேடினால் அந்தப் பிரச்சாரத் திரைக்குத்தான் போய்ச் சேருவோம்.

சே குவேராவை நினைத்துப் பாருங்கள். நம் ஊர் ஆட்டோவின் பின்புறத்தில், பனியனில், தேநீர்க் கடைச் சுவரில் எல்லாம் இருக்கிற அந்த முகம் 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில், கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில், அல்பெர்தோ கோர்டா எடுத்தது. 1968-இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைச் சிவப்பும் கறுப்புமாகச் சுருக்கி வரைந்தார். எடுத்தவரும் வரைந்தவரும் சேயின் பக்கம் நின்றவர்கள். மக்னோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செம்படைக்கு மாயகோவ்ஸ்கியும் எல் லிஸிட்ஸ்கியும் சுவரொட்டி வரைந்தார்கள், படம் வரைந்த பிரச்சார ரயில்கள் ஓடின. மக்னோ இயக்கத்திடம் ஓர் அச்சகம், துண்டறிக்கைகள், ‘விடுதலைக்கான பாதை’ என்ற செய்தித்தாள், கையில் கிடைத்த துணியில் எழுதிய பதாகைகள் இருந்தன. கலைஞர்கள் இல்லாத புரட்சி அது. தன்னைத் தானே வரைந்துகொள்ள அதற்கு அவகாசமில்லை. அந்த வெற்றிடத்தைப் பகைவர்கள் நிரப்பினார்கள்.

மக்னோ இயக்கத்தினரே விரும்பி எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றுள் எனக்குப் பிடித்தது ஃபெதிர் ஷ்சூஸ் என்ற தளபதியுடையது. கருங்கடல் கடற்படையில் இருந்தவர், நிலத்தில் குதிரையில் சண்டை போடும்போதும் கப்பல் பெயர் பொறித்த மாலுமித் தொப்பியைக் கழற்றாதவர். அலங்காரச் சட்டை, இடுப்பில் குத்துவாள், நகைபோல மின்னும் ஆயுதங்கள். கேமராவின் முன் தன்னை ஒரு படமாக ஆக்கிக்கொள்ளத் தெரிந்த ஆள். இந்த இயக்கத்தில் அழகுணர்ச்சி வறண்டிருந்தது என்று யாராவது சொன்னால் ஷ்சூஸைக் காட்டுங்கள். 1921-இல் சண்டையில் இறந்தார்.

குதிரை வண்டிக்கு வருகிறேன். அதன் பெயர் தச்சான்கா. வில்தகடு பொருத்திய இலகுவான பயண வண்டி, பின்புறம் பார்த்தபடி மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி. தப்பி ஓடுகிற மாதிரி விரைந்துகொண்டே பின்னால் வருபவர்மேல் சுடலாம். காலாட்படையையும் வண்டிகளில் ஏற்றிவிட்டதால் ஒரே நாளில் 60, 70 கிலோமீட்டர் போக முடிந்தது. 1919 செப்டம்பர் 26 அன்று பெரெகோனிவ்கா என்ற ஊரில், பல வாரங்கள் பின்வாங்கிய பிறகு, திடீரென்று திரும்பி வெண்படையை முறியடித்தார்கள். மாஸ்கோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த டெனிக்கினின் பின்புலம் அதனால் கலைந்தது. வேகமே உருவான ஒரு பொருள் தச்சான்கா. ஓவியர்களுக்கு அதன்மேல் ஆசை வருவது இயல்பு.

ஆனால் அந்த வண்டிகளில் ஏராளமானவை யாருடையவை? அந்தப் புல்வெளிப் பகுதியில் ஜெர்மன் மொழி பேசும் மென்னோனைட்டுகள் பல தலைமுறைகளாகக் குடியிருந்தார்கள். ஆயுதம் தொடக் கூடாது என்பது அவர்கள் சமயநெறி. நல்ல நிலம், நல்ல குதிரை, நல்ல வண்டி அவர்களிடம் இருந்தன. சிறுவன் மக்னோ அத்தகைய பண்ணைகளில் கூலியாக இருந்தவன். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர்களில் ஒரு பகுதியினர் ஜெர்மன் படையின் உதவியோடு ஆயுதக் காவல் படை அமைத்தார்கள். நிலமற்றவனின் பழைய கோபமும் போரின் புதிய கோபமும் சேர்ந்தன. 1919 நவம்பரில் ஐக்கன்ஃபெல்ட் என்ற மென்னோனைட்டுக் கிராமத்தில் சுமார் 80 பேர் கொல்லப்பட்டார்கள். மக்னோ நேரில் கட்டளையிட்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. கொலை செய்தவர்களில் அவர் படையைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. தச்சான்காவை வரைகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரைய வேண்டும். அந்த இறந்தவர்களின் வழிவந்தவர்கள் கனடாவில் இன்றும் அந்த வண்டியின் சக்கரச் சத்தத்தைக் குடும்பக் கதையாகக் கேட்டு வளர்கிறவர்கள்.

எதிரி வரைந்த படத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மாசற்ற வீரனின் படத்தை வரையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இன்னொரு பொய். வரையத்தக்கவை வேறு நிறைய இருக்கின்றன, யாரும் தொடாமல் கிடக்கின்றன.

1919 அக்டோபரில் கத்தெரினோஸ்லாவ் நகரம் மக்னோ படையினரின் கையில் வந்தது. கைப்பற்றிய படை முதலில் என்ன செய்யும்? பத்திரிகைகளை மூடும். இவர்கள் திறந்துவிட்டார்கள். போல்ஷெவிக் பத்திரிகை வந்தது, சோசலிசப் புரட்சியாளர்களின் வலது அணி, இடது அணி இரண்டின் பத்திரிகைகளும் வந்தன. தங்களைத் திட்டி எழுதுகிற தாள்களைத் தங்கள் ஆட்சியிலேயே அச்சிடவிட்டார்கள். ஆட்சி என்ற சொல்லை அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு. அந்த நாட்களில் ரயில்வே தொழிலாளர்கள் சம்பளம் கேட்டபோது, ரயிலை நீங்களே ஓட்டுங்கள், கட்டணத்தை நீங்களே வசூலியுங்கள் என்று சொன்னார்கள். கிராமத்துக்காரர்களுக்கு நகரத்துத் தொழிலாளியின் வாழ்க்கை பிடிபடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிறகு டைஃபஸ் காய்ச்சல் வந்து படையின் பெரும்பகுதியைப் படுக்கவைத்தது. பேச்சுரிமை, அனுபவமின்மை, நோய் மூன்றும் ஒரே சில வாரங்களில். இதை வரைந்த ஒரு படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

பொக்ரோவ்ஸ்கே அருகே ஏழை விவசாயிகள் சேர்ந்து ஒரு பொதுப்பண்ணை நடத்தினார்கள். ரோசா லக்ஸம்பர்க் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் அரசின்மைவாதியும் அல்ல, உக்ரைனியரும் அல்ல. உழைப்பவர்களுக்காகச் செத்தார், அது போதும் என்று நினைத்தார்கள். 300 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். 1919 ஜூனில் போல்ஷெவிக்குகள் அதை அழித்தார்கள். அதே மாதம் 4-ஆம் தேதி செம்படைத் தலைவர் த்ரோத்ஸ்கி ஓர் ஆணை போட்டார்: விவசாயிகள், தொழிலாளர்கள், போராளிகள் கூடவிருந்த நான்காவது வட்டார மாநாட்டுக்குத் தடை. கவனியுங்கள், அவர் தடுத்தது ஒரு கூட்டத்தை. முந்தைய மூன்று மாநாடுகளில் மக்கள் உட்கார்ந்து பேசியதுதான் மாஸ்கோவைப் பயமுறுத்தியது. இயந்திரத் துப்பாக்கியைப் படத்தில் வைக்கிறோம், பேச்சை விட்டுவிடுகிறோம்.

பேச்சை வரைவது கடினம் என்று நீங்கள் சொல்லலாம். கடினம்தான். ஒரு முகத்தை வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தலைவனே வேண்டாம் என்ற இயக்கம் தன் ஆளை பாத்கோ, அதாவது அப்பா, என்று கூப்பிட்டது. 1918 இலையுதிர்காலத்தில், ஒரு சிறு கூட்டத்தோடு பெரிய படையை முறியடித்த நாளில், அந்தப் பெயர் ஒட்டியது. பக்கத்திலிருந்து பார்த்த வோலின் போன்ற தோழர்களே மக்னோவின் குடியையும் தன்னிச்சைப் போக்கையும் பின்னாளில் கண்டித்து எழுதினார்கள். ஒற்றை முகத்தை நடுவில் வைத்துச் சூரியனை அதன் பின்னால் வட்டமாய்ப் போடும் படம் அந்த இயக்கத்தின் நோயை அதன் கொள்கையாகக் காட்டுகிறது. சூரியனைத் தலைக்குப் பின்னால் வைத்தால் அது என்னவாகத் தெரியும் என்று கோயிலுக்குப் போகிற நமக்குச் சொல்லவா வேண்டும்!

இந்த நிறங்கள் யாருக்கும் விசுவாசமானவையும் அல்ல. இதே ஊதா, இதே சிலைத்தலை, இதே நடுங்கும் நாடாவை வைத்து வெள்ளை இனவெறியர்கள் ஃபாஷ்வேவ் என்று ஒன்றை உருவாக்கினார்கள். ஹிட்லரையும் அதே சூரியனுக்கு முன்னால் நிறுத்தினார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்து ரஷ்ய அணிவகுப்பு மெட்டு ஒன்றுக்கும் இதே கதை. வெண்படையின் ஒரு பிரிவு அதைப் பாடியது, செம்படைக் கெரில்லாக்கள் வேறு வரிகளோடு பாடினார்கள், பிரெஞ்சுப் பாடலாசிரியர் எதியென் ரோதா-ஜில் மக்னோ இயக்கத்தைப் புகழ்ந்து அதே மெட்டில் எழுதினார். மெட்டு மூவரையும் ஏற்றுக்கொண்டது. பக்கம் எடுப்பது வரிகளின் வேலை. படத்தில் அந்த வரிகளுக்கு நிகரானது அதில் வைக்கும் பொருள்: யாருடைய கொடி, யாருடைய வண்டி, யார் எடுத்த புகைப்படம்.

நம் பக்கத்திலிருந்து ஒருவரை இங்கே நினைக்கிறேன். சென்னையில் 1887-இல் பிறந்து, பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ இதழோடு தொடர்புகொண்டிருந்து, பின் ஐரோப்பா போய்ப் பொதுவுடைமைவாதியாகி, அங்கிருந்து அரசின்மைவாதியான எம்.பி.டி. ஆச்சார்யா. 1920களில் பெர்லினில், மக்னோவும் சிலகாலம் தங்கிய அதே நகரில், அதே கொள்கை வட்டாரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மக்தா நாக்மன் ரஷ்யாவில் பயின்ற ஓவியர். கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை நேரில் வரைந்தவர், பின்னர் பம்பாயில் வாழ்ந்து மறைந்தவர். அந்த அம்மையாரைப் போன்ற ஒரு கை ஹுலியாய்போலேயில் இருந்திருந்தால் நமக்கு இன்று வேறு மாதிரியான மக்னோ கிடைத்திருப்பார். ஆச்சார்யாவையோ யாருமே நியானில் வரையவில்லை.

மக்னோவின் மனைவி ஹலினா குஸ்மென்கோ பள்ளி ஆசிரியை. மகள் ஒலேனா 1922-இல், பெற்றோர் போலந்துக் காவலில் இருந்தபோது பிறந்தவள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் அதிகாரிகள் இருவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய்க்கு எட்டாண்டு முகாம் தண்டனை, குற்றம் மக்னோவின் மனைவியாக இருந்தது. அதன்பின் கசகஸ்தானில் வாழ்ந்து 1978-இல் இறந்தார். இவர்கள் அந்த ஊதாப் படங்களுக்குள் வருவதே இல்லை.

ஹுலியாய்போலேயில் 2009-இல் மக்னோவுக்குச் சிலை வைத்தார்கள். 2022 முதல் அந்த ஊர் போர்முனையில் சிக்கிக் குண்டுவீச்சில் சிதைந்தது. அங்கிருந்து வெளியேறியவர்களின் கைப்பேசிகளிலும் இந்தப் படங்கள் வருகின்றன. அவர்களுக்கு அது வராத எதிர்காலத்தின் சின்னம் அல்ல, விட்டுவந்த தெருவின் பெயர். சில உக்ரைனியக் கலைஞர்கள் மக்னோவை இப்போது வேறு தேவைக்காக, ஊர்க்காவலனாக, வரைகிறார்கள். நாட்டுக் கொடியின் கீழே அவரை நிறுத்துவதும் அவரோடு முரண்படுகிறது. ஆனாலும் அந்த முரண்பாட்டை அவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்து அனுபவிக்கிறார்கள். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன். ஊதாவும் இளஞ்சிவப்பும் உங்களுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், நாடாவின் நடுக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டுக் கொடியை எடுத்துவிட்டு, கத்தெரினோஸ்லாவில் ஒரே காலையில் விற்ற, ஒன்றையொன்று திட்டிக்கொண்ட செய்தித்தாள்களை வரையுங்கள். புதிர்காச் சிறையில் கைவிலங்கோடு இலக்கணம் படித்த இளைஞனை வரையுங்கள். ஐக்கன்ஃபெல்டின் வண்டியை வரைந்தால் அதன் சொந்தக்காரரையும் வரையுங்கள். இப்போது திரையில் ஷ்சூஸின் புகைப்படத்தையும், 1926 நூலில் வந்த கொடியின் படத்தையும், இன்றைய இணையப் படங்கள் சிலவற்றையும் அடுத்தடுத்துக் காட்டுகிறேன். எதை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள், அதிலிருந்து கேள்விகளுக்குப் போவோம்.